விட்டுக் கொடுத்த சங்கீதம்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"முன்னேற்றம், தலைமைப் பண்பு என்று ஆரம்பித்துவிடாதீர்கள், உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். எனக்குப் பிடித்தது பாட்டு கேட்பது. அதிலும் நாற்பது வருஷத்துக்கு மேலாக விடாமல் கேட்டு வருவது ஜாஸ் ஃப்யூஷன் என்ற வகை. அதில் ஒரு புது ஆள் எங்கே ஆரம்பிக்கலாம், எந்த இசைத்தட்டுகளை அவசியம் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், ஜாஸ் என்றால் என்ன? ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டுகளை, அதாவது 'கார்டு'களை, ஆதாரமாக வைத்துக் கொண்டு மனதில் அப்போது தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். நிரவல், கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நாம் மனோதர்மம் என்கிறோம். அவர்கள் இம்ப்ரவைசேஷன் என்கிறார்கள்.

1960-களின் இறுதியில் அமெரிக்காவில் இளைஞர் கூட்டம் முழுக்க ராக் இசைப் பக்கம் போய்விட்டது. மின்சார கிடார், பெரிய ஒலிபெருக்கி, திறந்தவெளி மைதானத்தில் லட்சக்கணக்கில் ஜனம். ஜாஸ்காரர்கள் சின்னச் சின்ன கிளப்புகளில், மேஜைக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்க வாசித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் மின்சார வாத்தியங்களையும் ராக்கின் தாளக்கட்டையும் எடுத்துக் கொண்டு, ஜாஸின் மனோதர்மத்தை விடாமல் ஒன்றைச் செய்தார்கள். அதற்குத்தான் ஃப்யூஷன் என்று பெயர் வந்தது.

உடனே ஒரு சண்டையும் வந்தது. "இது கலப்படம், காசுக்காக விலைபோய்விட்டார்கள்" என்றார்கள் பழைய ரசிகர்கள். நமக்கும் இந்தச் சண்டை பழக்கமானதுதான். சபாவில் மாண்டலின் வந்தபோதும் சாக்ஸஃபோன் வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. கலப்படத்துக்கும் கலவைக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. இந்தச் சேர்க்கையில் யார் எதை விட்டுக் கொடுத்தார் என்று பார்ப்பேன். யாரும் எதையும் விடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால், அது கல்யாண வீட்டில் நாயனமும் பேண்டும் ஒரே நேரத்தில் வாசிக்கிற மாதிரி. ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வந்தால், புதிதாக ஒன்று பிறக்கிறது. இன்று நான் சொல்லப் போகும் தட்டுகள் எல்லாம் அந்த இரண்டாவது வகை.

முதலாவது, 'இன் எ சைலண்ட் வே'. மைல்ஸ் டேவிஸ் என்ற ட்ரம்பெட் கலைஞர் 1969 பிப்ரவரி 18-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவு செய்தது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைக் கேளுங்கள்: ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஜாவினுல் என்று கீபோர்டுக்கே மூன்று பேர், சாக்ஸஃபோனில் வெய்ன் ஷார்ட்டர், கிடாரில் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த ஜான் மெக்லாக்லின், பாஸ் டேவ் ஹாலண்ட், ட்ரம்ஸ் டோனி வில்லியம்ஸ். பிற்காலத்தில் ஃப்யூஷனின் பெரிய குழுக்களை நடத்தியவர்களில் பாதிப்பேர் அந்த ஒரே அறையில் இருந்தார்கள்.

தலைப்புப் பாட்டு ஜாவினுல் எழுதியது. அவர் நிறைய கார்டுகள் போட்டு எழுதிக் கொண்டு வந்திருந்தார். டேவிஸ் அவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். ஒரே ஆதார சுருதி மேல் மெட்டு மட்டும் மிதக்கட்டும் என்றார். நம் காதுக்குத் தம்பூரா வைத்த மாதிரி இருக்கும். மெக்லாக்லின் எப்படி வாசிப்பது என்று தயங்கியபோது, கிடார் வாசிக்கத் தெரியாதவன் போல வாசி என்ற பொருளில் டேவிஸ் சொன்னதாக மெக்லாக்லினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மேதையிடம் போய், உன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் வெளியே வைத்துவிட்டு வா என்பது எவ்வளவு பெரிய காரியம்! அவரும் அப்படியே வாசித்தார். அந்தத் தொடக்கத்தைக் கேட்கும்போது யாரோ விடியற்காலையில் மெல்லக் கதவைத் திறக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டினார். இரண்டு பக்கத்திலும் ஆரம்பத்தில் வந்த பகுதியையே முடிவிலும் வைத்துவிட்டார். திரும்ப வாசிக்கவில்லை, அதே நாடாதான் மறுபடி ஓடுகிறது. ஆனால் இரண்டாம் தடவை கேட்கும்போது நமக்கு வேறாகக் கேட்கிறது. மொத்தம் 38 நிமிஷம். புதியவர்கள் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அதே வருஷம் ஆகஸ்டில் மூன்று நாட்கள் பதிவாகி 1970-ல் வெளிவந்தது 'பிட்சஸ் ப்ரூ'. இரட்டைத் தட்டு. இரண்டு மூன்று கீபோர்டு, ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரம்ஸ், இரண்டு பாஸ். முதல் தடவை கேட்டால் சந்தைக் கூச்சல் போல இருக்கும். கோபித்துக் கொள்ள வேண்டாம். அதில் வாசித்த ஜாவினுலே பின்னால் கொலம்பியா கம்பெனி ஆபீசில் இந்த இசை ஓடுவதைக் கேட்டு, யார் இது, பிரமாதமாக இருக்கிறதே என்று விசாரித்தாராம். நீங்கள்தான் சார் என்று பதில் வந்ததாம்! டேவிஸுக்கு முதல் தங்கத்தட்டு வாங்கிக் கொடுத்தது இதுதான். ஆனால் இதை நான் முதல் பாடமாகச் சொல்ல மாட்டேன். மூன்றாம் செமஸ்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது, சிக் கொரியாவின் 'ரிட்டர்ன் டு ஃபாரெவர்' குழு 1973-ல் வெளியிட்ட 'லைட் அஸ் எ ஃபெதர்'. பெயருக்கேற்ப இறகு மாதிரி இருக்கும். பிரேசில் நாட்டுத் தாளம், ஃப்ளோரா புரிம் அம்மையாரின் குரல், ஸ்டான்லி கிளார்க்கின் பாஸ். இதில் 'ஸ்பெயின்' என்று ஓர் உருப்படி உண்டு. ஜோக்கின் ரோட்ரிகோ என்ற ஸ்பானிய இசையமைப்பாளரின் கிடார் கச்சேரிப் படைப்பின் மெல்லிய பகுதியில் ஆரம்பித்து, திடீரென்று கைதட்டலோடு ஓட்டம் பிடிக்கும். உலகம் முழுக்க இசைக் கல்லூரி மாணவர்கள் கை பழகுவதற்கு இதை வாசிக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது தைரியமாகப் போடலாம்; யாரும் "அதை நிறுத்து" என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்', 1973. பொறியியல் மாணவர்கள் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள். ஹான்காக் கிரின்னல் கல்லூரியில் மின் பொறியியல் படித்துக் கொண்டே இசைக்கு மாறியவர். சின்த்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் வந்தபோது மற்றவர்கள் தயங்க, இவர் அதன் குமிழ்களைத் திருகி விளையாடினார். 'கமீலியன்' என்ற 15 நிமிஷ உருப்படியின் ஆரம்பத்தில் கேட்கும் அந்தக் குண்டு பாஸ் ஒலி பாஸ் கிடார் அல்ல. 'ஆர்ப் ஒடிசி' என்ற சின்த்தசைசரில் அவர் கையால் வாசித்தது. இந்தத் தட்டில் கிடாரே கிடையாது. அதற்கு முன் அவர் நடத்திய குழு மிகச் சிக்கலான, ஆகாயத்தில் பறக்கிற இசையை வாசித்தது. அதை விட்டுவிட்டு, கால் தரையில் படுகிற தாளத்துக்கு இறங்கி வந்தார். 'வாட்டர்மெலன் மேன்' என்ற தன்னுடைய 1962-ஆம் வருஷப் பழைய பாட்டை இதில் புதுப்பித்திருக்கிறார். அதன் தொடக்கத்தில் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலை ஊதுகிறார். மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்கள் ஒற்றைச் சுரக் குழலையும் தொண்டையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை அது. (பாட்டில் காலியானது எப்படி என்று மாணவர்கள் ஆராய வேண்டியதில்லை.)

நான்காவது, 'வெதர் ரிப்போர்ட்' குழுவின் 'ஹெவி வெதர்', 1977. ஜாவினுலும் ஷார்ட்டரும் சேர்ந்து நடத்திய குழு. இதில் பாஸ் கிடார் வாசித்தவர் ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற இளைஞர். கிடாரில் விரல் எங்கே வைப்பது என்று காட்டும் உலோகக் கட்டைகள் இருக்குமே, அவை இல்லாத பாஸ் கிடாரைத்தான் அவர் வாசித்தார். கட்டை போனால் பாதுகாப்பும் போகும். விரல் நூலளவு தவறினால் அபஸ்வரம். ஆனால் வயலின் மாதிரி வழுக்கிப் போகலாம், ஸ்வரத்தை அசைக்கலாம். அதுவரை பின்னணியில் 'தும் தும்' என்றிருந்த வாத்தியம் அவர் கையில் பாட ஆரம்பித்தது. 'பேர்ட்லேண்ட்' எல்லோருக்கும் பிடிக்கும். 'டீன் டவுன்' என்ற உருப்படியில் பாஸ், ட்ரம்ஸ் இரண்டுமே அவர் வாசித்தது. 'எ ரிமார்க் யூ மேட்' என்ற மெதுவான உருப்படியை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஜாகோ 1987-ல், 35 வயதில் மறைந்தார். அவ்வளவு குறைந்த காலத்தில் ஒரு வாத்தியத்தின் ஜாதகத்தையே மாற்றி எழுதிவிட்டார்.

இப்போது நமக்கு மிகவும் நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன். டேவிஸ் அறையில் தயங்கிய அதே மெக்லாக்லின், பிறகு 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டின் தலைப்பு உருப்படி 18 எண்ணிக்கைச் சுழற்சியில் போகும். மிருதங்கம் தெரிந்தவர்கள் கையில் போட்டுப் பாருங்கள். மின்னல் வேகம், இடி ஓசை. அன்றைக்கு ஜாஸ் உலகில் மிகச் சத்தமான குழுக்களில் அது ஒன்று.

அந்தப் புகழின் உச்சியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சங்கீத வித்வான் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக் கொள்ளப் போனார். பிறகு மின்சாரத்தை அணைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனக்கென்று ஒரு கிடாரைச் செய்யச் சொன்னார். கம்பிக்கு அடியில் மரம் குழிவாகக் குடையப்பட்டிருக்கும். வீணை மாதிரி கம்பியை இழுத்து கமகம் கொண்டு வரலாம். குறுக்கே சுருதிக்குத் தனியாகக் கம்பிகள். இந்தப் பக்கம் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். குழுவின் பெயர் 'சக்தி'. முதல் தட்டு 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிவாகி, 1976-ல் வெளிவந்தது. ஆமாம், ஒரு கல்லூரியில்தான்!

எங்கள் விடுதியில் அப்போது இரண்டு கட்சி. ஒன்று மார்கழியில் சபா சபாவாகச் சுற்றுகிற கட்சி. மற்றொன்று சுவரில் நீளமுடிக்காரர் படம் ஒட்டிய ராக் கட்சி. மெஸ்ஸில்கூடத் தனித்தனி மேஜை. 1978-ல் ராக் கட்சிக்காரன் ஒருவனுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து 'சக்தி' கேசட் கொண்டு வந்து கொடுத்தார். 'ஜாய்' என்ற முதல் உருப்படி 18 நிமிஷம். கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கமாகப் போன சபா கட்சிக்காரன் ஒருவன் கடத்தின் ஒலி கேட்டு நின்றான். "டேய், இது விக்கு இல்லையா?" என்று உள்ளே வந்தான். அரை மணி நேரத்தில் அந்தச் சின்ன அறையில் இரண்டு கட்சியும் கட்டில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தது. கிடார் எங்கே போகிறது என்று அவர்கள் இவர்களுக்குச் சொல்ல, தாளம் எங்கே வருகிறது என்று இவர்கள் அவர்களுக்குச் சொல்ல, டேப் மூன்று முறை ஓடியது. அந்த இரண்டு பேரில் ஒருவன் இன்று நம்மோடு இல்லை. மற்றவன் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும்.

தபலாவும் கடமும் அப்படி ஒரே மேடையில் சமமாக உட்காருவது அன்று நம் நாட்டிலேயே அபூர்வம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்ததால் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று கேட்டன. 1997-ல் அந்தக் குழு மறுபடி கூடியது. அதன் தொடர்ச்சியாக மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார், சங்கர் மகாதேவன் பாட வந்தார். ஸ்ரீநிவாஸை 2014-ல் இழந்தோம். 2023-ல் 'திஸ் மொமென்ட்' என்ற புதுத் தட்டு வந்து, 2024-ல் கிராமி விருது வாங்கியது. அந்த வருஷம் டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். முதல் தட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு இடம் விட்டுக் கொடுத்ததும் கேட்கும்.

"சார், எல்லாம் பழைய கதை, இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று தம்பிகள் கேட்பது புரிகிறது. சொல்கிறேன்.

'ஸ்நார்க்கி பப்பி' என்று ஒரு குழு. 2004-ல் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லீக் என்ற மாணவர் வகுப்புத் தோழர்களைச் சேர்த்து ஆரம்பித்தது. இவர்களுடைய 'வீ லைக் இட் ஹியர்' 2013-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பதிவாகி அடுத்த வருஷம் வெளிவந்தது. ஸ்டூடியோவுக்குள்ளேயே ரசிகர்களை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, நேரடியாக வாசித்திருக்கிறார்கள். தப்பு வந்தால் பிறகு ஒட்டிக் கொள்ளலாம் என்ற வசதியை இவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ட்ரம்ஸ் வாசித்த லார்னல் லூயிஸ் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, விமானத்தில் வரும்போதே பாட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்தவர். பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிக்கும் அன்பர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாம். ஆனால் அவருக்கு அதற்கு முன்னால் பல வருஷ சாதகம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். 'லிங்கஸ்' என்ற உருப்படியில் கோரி ஹென்றி வாசிக்கும் கீபோர்டு தனிப்பகுதியைப் படத்தோடு பாருங்கள். கூட வாசிப்பவர்களே ஆச்சரியத்தில் சிரிப்பார்கள்.

காமாசி வாஷிங்டனின் 'தி எபிக்', 2015: மூன்று தட்டு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, லாஸ் ஏஞ்சலஸில் சிறு வயது முதல் சேர்ந்து வாசித்த நண்பர்கள். ராபர்ட் கிளாஸ்பரின் 'பிளாக் ரேடியோ', 2012: ஜாஸோடு ஹிப்-ஹாப் சேர்ந்தது. லண்டனிலிருந்து யூசுஃப் கமால் இணையரின் 'பிளாக் ஃபோகஸ்', 2016. இவை மூன்றும் இன்றைய காதுக்கு உடனே ஒட்டும்.

நம் பக்கத்தோடு தொடர்புள்ள இரண்டு தட்டுகளையும் சொல்ல வேண்டும். 2008-ல் வந்த 'கின்ஸ்மென்': அமெரிக்காவில் வளர்ந்த சாக்ஸஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்தது, கன்யாகுமரி அம்மையாரின் வயலினோடு. ஒரே வாத்தியம், இரண்டு தாய்மொழி. 2011-ல் வந்த 'தீர்த்தா': தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் பியானோவில், கிடாரில் சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா. தபலாவில் நிதின் மித்தா. விஜய் ஐயரும் முதலில் கணிதம், இயற்பியல் படித்தவர்தான். ஆகவே, "படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு எதற்கு" என்று கேட்கும் பெற்றோர்கள் யாராவது இங்கே இருந்தால், கொஞ்சம் யோசிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

ஃப்யூஷன் என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1970-களின் பின்பாதியிலேயே யார் வேகமாக வாசிப்பது என்ற பந்தயமாக அது பல இடங்களில் ஆகிவிட்டது. நம் ஊர் மேடைகளிலும், தெரிந்த கீர்த்தனத்துக்குப் பின்னால் ட்ரம்ஸ் போட்டு, கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று ஆர்ப்பாட்டமாக முடித்தால் ஃப்யூஷன் என்கிறார்கள். அந்த மாதிரிக் கச்சேரியில் வாசிப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். பக்கத்து ஆள் வாசிக்கும்போது இவர் கவனிக்கிறாரா, தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறாரா? அதில் தெரிந்துவிடும்.

எப்படிக் கேட்பது? மூன்று யோசனை. ஒன்று, தட்டை முழுசாகக் கேளுங்கள். இப்போது போனில் பத்து விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறோம். இந்தத் தட்டுகள் அதற்குக் கட்டுப்படாது. இரண்டு, ஒரு தடவை பாஸை மட்டும் பிடித்துக் கொண்டு போங்கள், அடுத்த தடவை ட்ரம்ஸை. ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பாட்டு கிடைக்கும். மூன்று, முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து கேளுங்கள், முக்கியமாக உங்கள் ரசனைக்கு எதிர்க்கட்சியாக இருப்பவரோடு. வரிசை வேண்டுமென்றால், 'இன் எ சைலண்ட் வே', 'லைட் அஸ் எ ஃபெதர்', 'சக்தி', 'ஹெட் ஹன்டர்ஸ்', 'ஹெவி வெதர்', 'வீ லைக் இட் ஹியர்'. வாரத்துக்கு ஒன்று வைத்தால் ஒன்றரை மாதம். ஒரு செமஸ்டருக்குள் மற்றவற்றையும் முடித்துவிடலாம், அரியர் வராது.

தம்பி தங்கைகளே, இங்கிருந்து வெளியே போனதும் வேறு ஊர், வேறு பாஷை, வேறு பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்யப் போகிறீர்கள். சிலர் வேறு மாதிரி குடும்பங்களில் வாழ்க்கைப்படுவீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் முதல் நாளே வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றும். மெக்லாக்லினுக்கு வாசிக்கத் தெரியாமலா தரையில் வந்து உட்கார்ந்தார்? தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்ச நேரம் கேட்டார். அதனால் அவருடைய கிடார் குறைந்து போகவில்லை. அதற்கு கமகம் கிடைத்தது. உங்களுக்கும் அப்படிக் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.